கழுத்துக் கட்டியும் காத்திருக்கும் நாட்களும்

நோயைப் பற்றிப் பேசுவோர் பலர். மருந்தைப் பற்றிப் பேசுவோரும் பலர். இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் சில நாட்களைப் பற்றிய பேச்சு. கழுத்தில் ஒரு கட்டி தெரிகிறது. மருத்துவர் தொட்டுப் பார்க்கிறார், ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். பிறகு, "ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும்" என்று ஒரு தேதியை எழுதித் தருகிறார். அந்தத் தேதி வரும்வரை சில வாரங்கள். சோதனை முடிந்து பதில் வரும்வரை இன்னும் சில நாட்கள். இந்த நாட்களில் நாம் நோயாளி என்றும் சொல்லிக்கொள்ள முடியாது, நலமாக இருக்கிறோம் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. மனம் தவிக்கும். சோறு இறங்காது. இரவில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

இந்தத் தவிப்பை எப்படிக் கடப்பது? அதுதான் இன்றைய உரை.

முதலில் அந்தக் கட்டி இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வோம். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக் குழாயின் முன்புறத்தில், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. எடை ஏறத்தாழ 20 கிராம். உடம்பின் சூடு, நெஞ்சின் துடிப்பு, உணவு எரிந்து சக்தியாகும் வேகம் ஆகியவற்றை இந்தச் சிறு சுரப்பிதான் கட்டுப்படுத்துகிறது. இதில் கட்டி உண்டாவது மிகச் சாதாரணமான ஒன்று. கையால் தொட்டுப் பார்த்தாலே பெரியவர்கள் நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து பேரிடம் இது தட்டுப்படும். ஸ்கேன் வைத்துத் தேடினால் இன்னும் பல மடங்கு பேரிடம் தெரியும். வயது கூடக் கூட இது அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

இந்தக் கட்டிகளில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை புற்று அல்ல. பெரும்பாலானவை நீர் கட்டியவை, அல்லது சுரப்பியின் சதையே ஓரிடத்தில் தடித்தவை. மீதியுள்ள சிலவற்றிலும் பெரும்பங்கு, மெதுவாக வளர்ந்து, சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும் வகையைச் சேர்ந்தது. "கட்டி என்றாலே புற்று" என்று ஊரில் சொல்லும் பேச்சு உண்மை அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஆனாலும் அந்தச் சிலவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் ஊசிச் சோதனை. இதைப் பயாப்ஸி என்பார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகும் மனம் அடங்குவதில்லை. "நூற்றில் தொண்ணூறு பேருக்கு ஒன்றுமில்லை என்றால், நான் அந்தப் பத்தில் ஒருவராக இருந்தால்?" என்று கேட்கிறது. ஏன் இப்படி?

2016ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். 45 பேரை உட்கார வைத்து, கணினித் திரையில் ஒரு விளையாட்டை ஆடச் சொன்னார்கள். திரையில் கற்கள் தெரியும். கல்லின் கீழ்ப் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் சிறிய மின் அதிர்ச்சி கொடுக்கப்படும். வேர்வையையும் கண்ணின் பாவையையும் அளந்து, யாருக்கு எப்போது தவிப்பு அதிகம் என்று பார்த்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது தவிப்பு அதிகமாக இல்லை. நிச்சயம் இல்லை என்று தெரிந்தபோதும் இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சரிபாதியாக நின்றபோதுதான் தவிப்பு உச்சத்தைத் தொட்டது.

தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லி விளக்கவே வேண்டியதில்லை. விடியுமுன் நெற்றி விளக்குடன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்குத் தெரியும். எதிரே பாம்பைக் கண்டால் நின்று, விலகி, கம்பை எடுத்து ஏதோ ஒன்று செய்வோம். சருகுக்குள் ஏதோ சரசரத்து, அது என்னவென்று தெரியாமல் நிற்கும் நேரம்தான் நெஞ்சு படபடக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றும் சொல்வார்கள்.

ஆகவே நேயர்களே, காத்திருக்கும் நாட்களில் நம்மை வருத்துவது நோய் அல்ல, தெரியாமைதான். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் செய்ய வேண்டியதும் தெளிவாகும். தெரிந்துகொள்ளக் கூடியதை எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொள்ள முடியாததை அதற்குரிய தேதி வரும்வரை ஓர் ஓரத்தில் வைக்கப் பழக வேண்டும். எது நேர்ந்தாலும் அந்தத் தேதியை மட்டும் தவறவிடக் கூடாது.

தெரிந்துகொள்ளக் கூடியவற்றில் முதலாவது, அன்று என்ன நடக்கும் என்பது. நம்மைப் படுக்க வைத்துத் தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைப்பார்கள். கழுத்து சற்றுப் பின்னால் சாயும். ஸ்கேன் கருவியால் கட்டியைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். இரத்தம் எடுக்கும் ஊசியைவிட இது பெரும்பாலும் மெல்லியது. சில விநாடிகளில் எடுத்துவிடுவார்கள். போதிய அணுக்கள் கிடைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு மூன்று முறை குத்துவது வழக்கம். ஊசி உள்ளே இருக்கும்போது விழுங்கவோ பேசவோ கூடாது. எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்கு வரலாம். சற்று வலியும் கன்றிப்போன நிறமும் ஓரிரு நாட்கள் இருக்கலாம்.

"ஊசி பட்டால் புற்று உடம்பெங்கும் பரவிவிடும்" என்று பயமுறுத்துவோர் உண்டு. தைராய்டு ஊசிச் சோதனையில் அப்படி நேர்வது மிக மிக அரிது. அந்தப் பேச்சை நம்பிச் சோதனைக்குப் போகாமல் இருப்பதே ஆபத்து. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

இரண்டாவது, பதில் எப்படி வரும் என்பது. பலர் "உண்டு" அல்லது "இல்லை" என்ற இரண்டே பதில்களை எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் மருத்துவர்கள் பெத்தெஸ்டா முறை என்ற கணக்கில் ஆறு வகையாகப் பதில் எழுதுகிறார்கள். எடுத்த அணுக்கள் போதவில்லை என்பது முதல் வகை. ஊசியை மறுபடி வைக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள், நோய் முற்றியது என்பது அல்ல. புற்று இல்லை என்பது இரண்டாவது. பெரும்பாலோருக்கு இந்தப் பதில்தான் வருகிறது. மூன்றாவதும் நான்காவதும் உறுதியாகச் சொல்ல இயலாதவை. மேலும் சோதிக்க வேண்டியிருக்கும். ஐந்தாவது, சந்தேகம் பலமாக இருப்பது. ஆறாவது, புற்று என்பது. இதை முன்பே தெரிந்து வைத்திருந்தால், "மறுபடி வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டதும் கால் நடுங்காது.

மூன்றாவது, இத்தனை வாரம் காத்திருந்தால் அது வளர்ந்துவிடாதா என்ற கேள்வி. ஜப்பானில் கோபே நகரில் கூமா மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1993ஆம் ஆண்டு முதல், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, ஆபத்துக் குறைந்த தைராய்டுப் புற்று என்று உறுதியானவர்களில் பலரை, உடனே அறுக்காமல் ஸ்கேன் மூலம் கவனித்து வந்தார்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மிகப் பெரும்பாலோருக்கு அது வளரவில்லை. எல்லாப் புற்றுக்கும் இது பொருந்தாது. ஆனால் வழக்கமான தைராய்டுக் கட்டிக்குச் சில வாரக் காத்திருப்பு தீங்கு செய்வதில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி. ஸ்கேனைப் பார்த்துத்தான் மருத்துவர் தேதி தருகிறார். அவசரம் என்று கண்டால் அவரே முன்னதாக அழைப்பார்.

அதே சமயம், தேதிக்குக் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. மூச்சு விடச் சிரமம், விழுங்கச் சிரமம், காரணம் இல்லாமல் குரல் கம்மிப் போய்த் தொடர்வது, கட்டி சில நாட்களில் வேகமாகப் பெரிதாவது ஆகியவை அவை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மூச்சுத் திணறல் என்றால் 999க்கு அழைக்கத் தயங்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தைராய்டு அளவுக்கு மேல் சுரந்தால் அதுவே நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், வேர்வை, தூக்கமின்மை ஆகியவற்றைத் தரும். பார்ப்பதற்குப் பயம் போலவே இருக்கும். ஓயாத படபடப்பும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பதும் இருந்தால், "எல்லாம் மனக்கவலைதான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும். அதற்கு மருந்தும் உண்டு.

தெரியக்கூடியதைத் தெரிந்துகொண்டாயிற்று. மீதி இருப்பது மனம். இதற்கென்று சில வழிகள் உண்டு.

கவலையை அடியோடு ஒழிக்க முயலவேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 2013ஆம் ஆண்டில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களைக் கேட் ஸ்வீனி என்ற பேராசிரியை ஆராய்ந்தார். கவலையை விரட்ட அவர்கள் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுக் காத்திருந்தவர்கள், முடிவு எதுவானாலும் அதை எதிர்கொள்ள நன்கு ஆயத்தமாக இருந்தார்கள் என்பதையும் அவர் கண்டார். ஆகவே, "நான் ஏன் இப்படிப் பயந்து சாகிறேன்?" என்று நம்மை நாமே திட்டிக்கொள்ளத் தேவையில்லை. கவலைப்படுவது கோழைத்தனம் அல்ல.

கவலைக்கு ஒரு நேரம் ஒதுக்குங்கள். 1983ஆம் ஆண்டில் போர்க்கோவெக் என்ற அமெரிக்க உளநூலாரும் அவருடைய துணைவர்களும் சோதித்துப் பார்த்த முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால், "மாலையில் உன்னைக் கவனிக்கிறேன்" என்று சொல்லித் தள்ளி வைப்பது. முதல் சில நாட்கள் கடினமாக இருக்கும். பழகப் பழக நாளின் மற்ற நேரம் நம் கைக்கு வரும். படுக்கப் போகும் வேளையை மட்டும் இதற்கு ஒதுக்காதீர்கள்.

மனம் ஒன்றிவிடும் கைவேலை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பூக்கட்டுவது, தையல், முறுக்குப் பிழிவது, வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் வெண்டையும் நடுவது, பிள்ளைகளுடன் பந்து விளையாடுவது என எதுவாகவும் இருக்கலாம். காத்திருப்போருக்கு வேலையில் மூழ்கிப்போகும் நேரமே நல்ல ஆறுதல் என்று அதே பேராசிரியையும் அவருடைய குழுவினரும் பின்னர் கண்டிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது போதாது. கையும் கருத்தும் சேர்ந்து ஈடுபட வேண்டும்.

நெஞ்சு படபடக்கும்போது மூச்சைக் கவனியுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்புத் தணியும். தினந்தோறும் காலையிலும் படுக்குமுன்னும் செய்து பழகினால், சோதனை மேசையில் படுத்திருக்கும்போதும் இது கைகொடுக்கும்.

இரவில் கைப்பேசியை எடுத்து அந்த நோயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அங்கே கிடைப்பவை பெரும்பாலும் யாருக்கோ நேர்ந்த கொடிய கதைகள். மாலைக்குப் பின் காப்பியைக் குறையுங்கள். கவலையை மறக்க மதுவை நாடுவோர் உண்டு. மது அன்றிரவு கண்ணை மூட வைத்து, நள்ளிரவில் எழுப்பி, கவலையை இரட்டிப்பாகத் திருப்பித் தரும். கோயிலில் வேண்டிக்கொள்வது மனத்துக்குத் துணை. ஆனால் வேண்டுதல் வேறு, சோதனைத் தேதி வேறு. ஒன்றைச் செய்தால் மற்றொன்று தேவையில்லை என்று எண்ண வேண்டாம். கட்டியைக் கரைக்கும் என்று சொல்லி விற்கப்படும் பொடிகளையும் எண்ணெய்களையும் வாங்கிக் காசைக் கரைக்கவும் வேண்டாம்.

அடுத்து வீட்டாருக்கு ஒரு சொல். "ஒன்றும் இருக்காது, சும்மா இரு" என்று வாயை அடைப்பது ஆறுதல் ஆகாது. "அடுத்த வீட்டு அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது" என்று கதை சொல்வது அதைவிட மோசம். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு, "அன்றைக்கு நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அது போதும்.

பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பள்ளியில் பாடம் சொல்லித்தரும் எங்களுக்கு ஓர் உண்மை தெரியும். வீட்டில் தாய் தந்தையர் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசினால், வகுப்பில் பிள்ளையின் பென்சில் நின்றுவிடும். பிள்ளைகளும் தெரியாமையால்தான் தவிக்கிறார்கள். "அம்மா கழுத்தில் ஒரு கட்டி. என்னவென்று டாக்டர் சோதிக்கப் போகிறார். தெரிந்ததும் உனக்குச் சொல்வோம்" என்று மூன்றே வரியில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இப்போது தேதிக்கு வருவோம். காத்திருப்பின் பெரிய ஆபத்து, பயத்தில் போகாமல் இருந்துவிடுவது. "இன்று சம்பளம் போய்விடும்", "வண்டி இல்லை", "மலாயில் சரியாகப் பேச வராது" என்று காரணங்கள் பல வரும். ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, மருத்துவர் சான்று தந்தால், சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தோருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மருத்துவமனையில் எம்.சி. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே கங்காணியிடமோ அலுவலகத்திலோ தெரிவித்துவிடுங்கள்.

கேரித் தீவு, காப்பார், பந்திங் பக்கம் இருப்போர் முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. சிலரைக் கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ புத்ராஜெயா மருத்துவமனைக்கோ அனுப்புவதும் உண்டு. கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயிலில் ஏறினால் பிரிக்பீல்ட்சை ஒட்டிய சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி மாறலாம். வழி தெரியாதவர்கள், ஒரு வாரம் முன்னதாகவே தெரிந்த ஒருவரைக் கேட்டு, எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேதிச் சீட்டைச் சாமி படத்துக்கு அருகே, எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள்.

மொழிக்கு ஒரு வழி. பிள்ளையிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கேட்க வேண்டியதை மலாயில் எழுதச் சொல்லுங்கள். என் கட்டி எவ்வளவு பெரிது? ஊசி ஏன் தேவை? என் மாத்திரைகளை நிறுத்த வேண்டுமா? பதில் எந்தத் தேதியில் வரும்? அதைத் தொலைபேசியில் சொல்வார்களா, நேரில் வர வேண்டுமா? பதில் வராவிட்டால் எந்த எண்ணுக்கு அழைப்பது? இந்த ஆறு கேள்விகளும் போதும். பதில் வரும் நாளைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். என்று தெரியும் என்பது தெரிந்தாலே பாதித் தவிப்புக் குறைந்துவிடும்.

சிலருக்கு இவ்வளவும் செய்தும் தவிப்பு அடங்காது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால், கிளினிக்கில் அதையும் ஒரு நோயாகவே சொல்லுங்கள். உதவி கிடைக்கும். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-76272929, எந்த நேரத்திலும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நிமிடமும் தனியாக இருக்க வேண்டாம். வீட்டாரை எழுப்புங்கள், உடனே உதவி தேடுங்கள்.

கடைசியாக, பதில் நாம் விரும்பாததாக இருந்தால்? ஒரு காலத்தில் தைராய்டு அறுவை மருத்துவர்களே அஞ்சிய ஒன்றாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கர் அதைப் பாதுகாப்பான அறுவையாக மாற்றிக் காட்டினார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டாலும், தினம் ஒரு மாத்திரை சாப்பிட்டு, வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து வாழ முடியும். தைராய்டுப் புற்றில் மிக அதிகமாகக் காணப்படும் வகை, காலத்தில் கண்டுகொண்டால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. காலத்தில் கண்டுகொள்ள வேண்டுமானால் அந்த ஊசிக்குப் போக வேண்டும்.

நேயர்களே, பயம் போனபிறகுதான் மருத்துவமனைக்குப் போவேன் என்று காத்திருக்காதீர்கள். பயத்தையும் கூட அழைத்துக்கொண்டே போகலாம். குறித்த நாளில், குறித்த நேரத்தில், துணைக்கு ஒருவருடன், கையில் அந்த நோட்டுப் புத்தகத்துடன் போய்ச் சேருங்கள்.